வளரும் பிள்ளையின் வளைந்த முதுகு: ஸ்கோலியோசிஸ் உடற்பயிற்சி பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என்னிடம் வரும் பெற்றோர் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே எக்ஸ்ரே உறையை மேசை மீது வைத்துவிடுகிறார்கள். பிறகு அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வளரிளம் பருவத்தினரின் முதுகெலும்பு வளைவுக்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவராக, அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பத்து வயதுக்கு மேல், வேறு நோய் எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு வரும் வளைவைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். பிறவியிலேயே முள்ளெலும்பு உருமாறியவர்களுக்கும், நரம்பு அல்லது தசை நோய் உள்ளவர்களுக்கும் சிகிச்சை வழி வேறு.

ஸ்கோலியோசிஸ் என்பது கூன் விழுவதுதானே?

இல்லை. கூன் என்பது முதுகு முன்பக்கமாகக் குனிவது. ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. அதோடு, ஈரத்துணியைப் பிழியும்போது முறுக்கிக்கொள்வதுபோல, தன் அச்சிலேயே திருகியும் கொள்கிறது. இந்தத் திருகலை மறந்துவிட்டால் இதன் சிகிச்சை எதுவும் புரியாது. முள்ளெலும்பு திரும்பும்போது அதோடு இணைந்த விலா எலும்புகளும் சேர்ந்து திரும்புகின்றன. முதுகில் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் தெரிவது அதனால்தான்.

"நேராக உட்கார்" என்று அதட்டினால், பழக்கத்தால் குனிந்து உட்காரும் பிள்ளை நிமிர்ந்துவிடும். இந்தப் பிள்ளையால் அப்படி முடியாது. அதட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று சொல்வோம். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறிய வளைவுதான். சிகிச்சை தேவைப்படுபவர்கள் கொஞ்சம் பேரே.

எதனால் வந்தது? புத்தகப் பை காரணமா? நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமா?

தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. பை காரணம் இல்லை. படுத்துக்கொண்டு படித்ததும், கைபேசியைக் குனிந்து பார்த்ததும், பால் குடிக்க மறுத்ததும் காரணம் இல்லை. கனமான பை தோள் வலியைத் தரலாம், அதைக் குறைப்பது நல்லது. ஆனால் அது முதுகெலும்பைத் திருகிவிடுவதில்லை.

பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கூடுதல். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எல்பிஎக்ஸ்1 என்ற மரபணுவுக்கு அருகில் ஒரு தொடர்பைக் கண்டார்கள். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆகவே அக்காவுக்கு வளைவு என்றால் தங்கையின் முதுகையும், தம்பியின் முதுகையும் பார்த்துவிடுங்கள். அது போதும், யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

தொண்ணூறு டிகிரி வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். முழங்கால் மடங்கக் கூடாது, பாதங்கள் சேர்ந்திருக்க வேண்டும், இரு உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து தொங்க வேண்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, முதுகின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பக்கம் மேடாக எழுந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இங்கிலாந்து அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விவரித்த சோதனை இது. இன்றும் முதல் சோதனை இதுவே. நாங்கள் அந்த நிலையில் ஸ்கோலியோமீட்டர் என்ற சிறிய மட்டக்கருவியை முதுகில் வைத்து அளப்போம். 5 முதல் 7 டிகிரி சாய்வு காட்டினால் எக்ஸ்ரேக்கு அனுப்புவோம்.

சோதனைக்கு முன்பே துணி சொல்லிவிடும். சீருடைப் பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும். துப்பட்டா எப்போதும் ஒரே தோளிலிருந்து நழுவும். இடுப்பின் ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் நேராகவும் இருக்கும். ரவிக்கைக்கு அளவெடுக்கும் தையற்காரர் "ஒரு தோள் இறங்கியிருக்கிறதே" என்று சொல்லி, அதைக் கேட்டு வந்த குடும்பங்கள் என் அனுபவத்தில் உண்டு.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை வயதுக்கு வரும் காலத்தை ஒட்டித்தான் வளைவு வேகமாகக் கூடும். அதே சமயத்தில்தான் அவள் தாயின் முன்னால்கூட உடை மாற்றுவதை நிறுத்துகிறாள். அவள் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெல்லிய பனியனோடு குனியச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

எக்ஸ்ரே அறிக்கையில் 22 டிகிரி என்று எழுதியிருக்கிறது. அது பெரியதா, சிறியதா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அது காப் கோணம். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் வகுத்த அளவு. வளைவின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் அதிகம் சாய்ந்த முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு இடையே உள்ள கோணத்தை அளக்கிறார்கள்.

எண்ணுக்கு இணையாக முக்கியமானது, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரப் போகிறது என்பது. அதற்கு ரிஸ்ஸர் நிலை என்ற கணக்கு உண்டு. இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை எண் கொடுப்பார்கள். 0 என்றால் வளர்ச்சி நிறைய மீதமிருக்கிறது, 5 என்றால் முடிந்துவிட்டது. அறிக்கையில் இது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறிவிடும். 1984இல் லோன்ஸ்டைன், கார்ல்சன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்த 727 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 20 முதல் 29 டிகிரி வரை வளைவும் ரிஸ்ஸர் 0 அல்லது 1 நிலையும் கொண்டவர்களில் 68 சதவீதத்தினருக்கு வளைவு கூடியது. அதே வளைவு, ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை என்றால் 23 சதவீதம். 20 டிகிரிக்குக் குறைவாக இருந்து, ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 2 சதவீதம்கூட இல்லை. உங்கள் மகளுக்கு 11 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை, 22 டிகிரி என்றால் நாளையே வாருங்கள் என்பேன். 16 வயது, மாதவிடாய் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, அதே 22 டிகிரி என்றால், பதறாமல் உட்காருங்கள், பேசலாம் என்பேன்.

இன்னொன்று: ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வரை வேறுபடலாம். 22 அடுத்த முறை 25 ஆனால் அழ வேண்டாம், 20 ஆனால் இனிப்பு வழங்கவும் வேண்டாம். 5 டிகிரிக்கு மேல் மாறினால்தான் மாற்றம்.

உடற்பயிற்சி வளைவை நேராக்கிவிடுமா?

நேராக்கும் என்று வாக்குக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சியின் முதல் நோக்கம் வளைவு கூடாமல் பிடித்து நிறுத்துவது. சில பிள்ளைகளுக்கு சில டிகிரி குறையவும் செய்கிறது. அதற்கு அப்பால், முதுகின் தோற்றம் சீராகிறது, தசைக்குத் தாங்கும் வலு கூடுகிறது, மூச்சு ஆழமாகிறது, தன் உடல் எப்படி நிற்கிறது என்ற உணர்வு பிள்ளைக்கு வருகிறது.

ஆதாரம் எங்கே நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2012இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு அதுவரை வந்தவற்றைத் திரட்டிப் பார்த்து, தரமான ஆய்வுகள் போதவில்லை என்று சொன்னது. அதன்பின் நிலைமை ஓரளவு மாறியது. 2014இல் இத்தாலியில் 25 டிகிரிக்கு உட்பட்ட வளைவு கொண்ட 110 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஸ்கோலியோசிஸுக்கென்றே அமைந்த பயிற்சியையும் மற்றது பொதுவான பயிற்சியையும் எலும்பு முதிரும்வரை செய்தன. முதல் குழுவில் வளைவு சராசரியாக 5 டிகிரி குறைந்தது. கனடாவில் 10 முதல் 45 டிகிரி வரையுள்ள 50 பேரை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான கவனிப்போடு ஷ்ரோத் என்ற ஸ்கோலியோசிஸ் பயிற்சி முறையையும் செய்தவர்களின் பெரிய வளைவு, ஆறு மாத முடிவில் மற்றவர்களைவிட 3.5 டிகிரி குறைவாக இருந்தது.

சிறிய எண்கள்தான். ஆனால் வளர்ச்சிக் காலத்தில் சிறிய எண்ணுக்குப் பெரிய பொருள் உண்டு. வளைவின் உள்பக்கத்தில் முள்ளெலும்பின் வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் பகுதி, அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தப்பட்ட பக்கம் மெதுவாக வளரும், மறுபக்கம் வேகமாக வளரும். முள்ளெலும்பே ஆப்பு வடிவமாகிறது. ஆப்பு வடிவமானதும் வளைவு இன்னும் கூடுகிறது. 24 டிகிரியில் நின்றுவிட்ட பிள்ளையும் 30ஐத் தாண்டிய பிள்ளையும் அடுத்த ஓராண்டில் ஒரே பாதையில் போவதில்லை.

சாதாரண உடற்பயிற்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சாதாரணப் பயிற்சி இரு பக்கத்தையும் ஒன்றாகவே நடத்தும். வளைந்த முதுகில் இரு பக்கமும் ஒன்றல்ல. அதனால் இந்தப் பயிற்சியில் வலப்பக்கத்துக்கு ஒரு வேலை, இடப்பக்கத்துக்கு வேறு வேலை. ஒரு பிள்ளையின் பயிற்சி இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாது.

இதில் முன்னோடியான ஷ்ரோத் முறையின் பிறப்பை நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்வதுண்டு. காத்தரினா ஷ்ரோத் 1894இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். அவருக்கே முதுகு வளைவு. 16 வயதில் இரும்புக் கூடு போன்ற கச்சை மாட்டினார்கள். ஒரு நாள் நசுங்கிய ரப்பர் பந்தைப் பார்த்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. பந்தின் குழிவை உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளுமென்றால், என் முதுகின் குழிவை என் மூச்சு தள்ளாதா? முன்னும் பின்னும் கண்ணாடி வைத்துக்கொண்டு, குழிந்த பக்கத்துக்கு மூச்சை அனுப்பப் பழகினார். மருத்துவப் பட்டம் இல்லாத அந்தப் பெண் 1921இல் மைசன் என்ற ஊரில் சிறியதொரு சிகிச்சை இல்லம் தொடங்கினார். பின்னாளில் மேற்கு ஜெர்மனிக்கு வந்து, இயன்முறை மருத்துவரான மகள் கிறிஸ்டாவுடன் 1961இல் சோபர்ன்ஹைமில் பெரிய அளவில் நடத்தினார். பிள்ளைகள் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிப் பயின்றார்கள். 1985இல் அவர் மறைந்தார். தன் முதுகைப் பிறர் கையில் முழுவதுமாக ஒப்படைக்காத ஒரு பெண்ணிடமிருந்து இந்தச் சிகிச்சை வந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஷ்ரோத் மட்டுமே வழி அல்ல. மிலான் நகரில் உருவான சீயாஸ் முறையில் கருவிகள் இல்லை. பிள்ளை தானே தன் முதுகைத் திருத்திப் பிடித்தபடி வேலைகளைச் செய்யப் பழகுகிறது. பார்சிலோனா, லியோன், போலந்து முறைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றே: பிள்ளை தானாக வளைவைத் திருத்த வேண்டும், முன்பின், பக்கவாட்டு, திருகல் என்ற மூன்று திசையிலும் திருத்த வேண்டும், அதை அன்றாட வாழ்வில் பிடித்து வைக்க வேண்டும்.

ஒரு பயிற்சி நேரத்தில் என்னதான் நடக்கும்?

நெஞ்சுப் பகுதி வலப்பக்கம் வளைந்த பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அதிகம் காணப்படுவது இதுதான். வல முதுகு புடைத்திருக்கும், இட முதுகு தட்டையாகக் குழிந்திருக்கும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, புடைத்த இடங்களுக்கு அடியில் சிறிய அரிசிப் பைகளை வைப்பேன். துணிப் பையில் அரிசியைத் தளர்வாக நிரப்பித் தைத்தால் போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை. பை திருகலை எதிர்த்திசையில் தள்ளிக் கொடுக்கும். தலையுச்சியை மேல்நோக்கி நீட்டி முதுகை நீளமாக்கச் சொல்வேன். பிறகு குழிந்த இடத்தில் என் விரல் நுனியை வைத்து, "இங்கே மூச்சை அனுப்பு" என்பேன்.

முதல் நாள் யாருக்கும் வராது. மூச்சு வழக்கமான பாதையிலேயே, புடைத்த பக்கத்துக்கே போகும். மூன்றாம் நாளோ இரண்டாம் வாரமோ, என் விரல் லேசாக மேலே தூக்கப்படும். அதைப் பிள்ளையும் உணரும். அந்தக் கணத்தில் அதன் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

மூச்சை விடும்போது, அடைந்த நிலை கலையாதபடி சுற்றியுள்ள தசைகளை எல்லாம் இறுக்க வேண்டும். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், பிள்ளைக்கு வியர்க்கும். இதையே உட்கார்ந்து, சுவர் ஏணியைப் பிடித்து, இரு கழிகளை ஊன்றி நின்று என்று தொடர்வோம். ஏணி இல்லாத வீட்டில் சன்னல் கம்பி உதவும், அதன் உறுதியைச் சோதித்துவிட்டு.

இதற்குப் பிறகு வருவதுதான் கடினம். வகுப்பில் எப்படி உட்காருவது, பஸ்ஸில் எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று எல்லாவற்றிலும் பயிற்சியின் நிலையைக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளில் அரை மணி நேரம் திருத்திவிட்டு மீதி நேரம் முழுவதும் வளைவிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் பலன் எங்கிருந்து வரும்?

யூடியூபில் நிறைய காணொளிகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஆனால் அவை உங்கள் பிள்ளையின் வளைவைப் பார்த்ததில்லை. வலப்பக்கம் வளைந்தவருக்கான பயிற்சியை இடப்பக்கம் வளைந்தவர் செய்தால் வளைவுக்கே தசை பலம் சேர்க்கிறார். துருக்கியில் 45 பிள்ளைகளை மூன்று குழுக்களாக்கிப் பார்த்தார்கள்: மேற்பார்வையில் ஷ்ரோத், அதே பயிற்சி வீட்டில் தனியாக, பயிற்சியே இல்லை. முதல் குழு முன்னேறியது. வீட்டில் தனியாகச் செய்தவர்கள் அந்தப் பலனைப் பெறவில்லை.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்லும் வழி: தொடக்கத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து வந்து கற்றுக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறையாவது வாருங்கள். இடையில் பிள்ளை செய்வதைப் பின்னாலிருந்து கைபேசியில் படம் பிடித்து அனுப்புங்கள். தவறிய இடத்தைச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம், எவ்வளவு காலம்?

வீட்டில் நாள்தோறும் 30 முதல் 45 நிமிடம், வாரம் ஒருமுறை மேற்பார்வையில் ஒரு மணி நேரம். கனடா ஆய்விலும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். காலம் எலும்பு முதிரும்வரை, அதாவது சிலருக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு நான்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் குறுக்கே வரும். அந்த மாதங்களில் 20 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம், அறவே விட்டுவிடக் கூடாது. "தேர்வு முடியட்டும்" என்று தள்ளிப்போடும் பத்து மாதம்தான் சில பிள்ளைகள் பத்து சென்டிமீட்டர் உயரும் காலமாக அமைந்துவிடுகிறது.

பிரேஸ் போடச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் பயிற்சியை மட்டும் செய்யலாமா?

இந்தப் பக்கத்திலேயே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

25 முதல் 40 டிகிரி வரை வளைவும், இன்னும் மீதமுள்ள வளர்ச்சியும் சேர்ந்தால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி அணியும் நெகிழிக் கூடு, தேவை. பயிற்சி அதற்கு மாற்று அல்ல. பயிற்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட நான் இதைச் சொல்கிறேன். 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 25 மருத்துவ மையங்களில் ஸ்டூவர்ட் வைன்ஸ்டைன் தலைமையில் நடந்த பிரெய்ஸ்ட் ஆய்வின் முடிவு வந்தது. 242 பிள்ளைகள். பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதத்தினர், வளைவு 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் அது 48 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், போடாத குழுவை அப்படியே விட்டுவைப்பது முறையல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். எவ்வளவு நேரம் போடுகிறோமோ அவ்வளவு பலன்.

சுவீடனில் 135 பிள்ளைகளிடம் மூன்று வழிகளை ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வந்தது. 25 முதல் 40 டிகிரி வரை வளைவுள்ளவர்கள். இரவில் மட்டும் பிரேஸ் போட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வளைவு கட்டுக்குள் நின்றது. உடல் உழைப்பை மட்டும் கூட்டிய குழுவில் பாதிப் பேரைச் சற்றுத் தாண்டியது. ஸ்கோலியோசிஸுக்கான பயிற்சியை மட்டும் செய்தவர்கள் அந்தக் குழுவைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. என் துறைக்கு இனிப்பான முடிவு அல்ல இது. ஆனாலும் பெற்றோரிடம் இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

அப்படியானால் பயிற்சிக்கு இடம் எங்கே? 25க்குக் கீழே, பிரேஸ் வேண்டிய நிலைக்குப் போகாமல் தடுக்க. 25க்கு மேலே, பிரேஸோடு சேர்த்து. பிரேஸ் வெளியிலிருந்து தள்ளுகிறது. அதற்குள் இருக்கும் தசை வேலையில்லாமல் சோர்ந்துவிடாமல் பயிற்சி காக்கிறது. பிரேஸைக் கழற்றும் நாளில் முதுகு சரியாமல் நிற்கவும் உதவுகிறது.

பிரேஸ் என்றதும் சிகிச்சையையே விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். ஒரு மாணவி ஓராண்டு கழித்து 31இலிருந்து 52 டிகிரியாகி வந்தாள். "பயிற்சி மட்டும் போதும் என்று ஒருவர் சொன்னார்" என்றார் அவள் அப்பா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னையின் வெயிலில் 18 மணி நேரம் நெகிழிக் கூட்டுக்குள் இருப்பது எளிதல்ல, எனக்குத் தெரியும். உள்ளே தையலில்லாத பருத்திப் பனியன், நாளுக்கு இரண்டு முறை அதை மாற்றுவது, தோல் சிவந்த இடத்தில் எண்ணெய் பூசாமல் உலரவிடுவது, குளியலுக்கும் விளையாட்டுக்கும் கழற்றுவது என்று ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம். வளர்ச்சி மட்டும் காத்திருக்காது.

யோகா, நீச்சல், பரதநாட்டியம்?

மூன்றையும் செய்யலாம். மூன்றும் சிகிச்சை ஆகிவிடாது.

யோகா பற்றி அடிக்கடி காட்டப்படுவது, அமெரிக்க மருத்துவர் லோரன் ஃபிஷ்மன் 2014இல் வெளியிட்ட ஆய்வு. வசிஷ்டாசனத்தை, வளைவின் வெளிப்பக்கம் கீழே இருக்குமாறு, ஒரு பக்கம் மட்டும் 25 பேர் செய்தார்கள். வளைவு குறைந்ததாகப் பதிவானது. ஒப்பிட வேறு குழு இல்லை, ஆட்களும் குறைவு. ஆர்வம் தரும் தொடக்கம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். முதுகை மிகவும் பின்னால் வளைக்கும் சக்கராசனமும் ஆழமாக முறுக்கும் ஆசனங்களும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். யோகா ஆசிரியரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிடுங்கள்.

நீச்சல் உடம்புக்கு நல்லது. ஆனால் "நீச்சல் போட்டால் சரியாகிவிடும்" என்று நெடுங்காலமாகச் சொல்லிவருவதற்கு ஆதாரம் இல்லை. பரதத்தை நிறுத்த வேண்டாம். அரைமண்டியில் இடுப்பு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று உங்கள் ஆசிரியர் கவனித்துச் சொன்னால் அது எனக்கு அரிய தகவல்.

விளையாட்டை நிறுத்தும் பெற்றோரிடம் உசைன் போல்ட் பெயரைச் சொல்வேன். 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய அவருக்கும் ஸ்கோலியோசிஸ்தான். முதுகையும் வயிற்றையும் வலுவாக வைத்துக்கொள்ள அவர் தொடர்ந்து பயிற்சி செய்ததை அவரே பேசியிருக்கிறார்.

எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால்? நெட்டி எடுத்தால்?

நீவுவது தசைப் பிடிப்பைத் தளர்த்தும், இதமாக இருக்கும். வளைவை மாற்றாது. எக்ஸ்ரேயைக்கூடப் பார்க்காமல் முதுகை முறுக்கிச் சொடுக்கெடுப்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

வலி இல்லையே, பிறகு எதற்குச் சிகிச்சை?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலி இருக்காது, அதனால்தான் தாமதமாகிறது. மாறாக, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காலில் மரமரப்பு, நடை தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், நெஞ்சுப்பகுதி வளைவு இடப்பக்கம் நோக்கி இருப்பது, சில மாதங்களில் வேகமாகக் கூடுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடங்க மாட்டேன். முதலில் முதுகெலும்பு மருத்துவர், தேவையானால் எம்ஆர்ஐ.

அடிக்கடி எக்ஸ்ரே எடுப்பது ஆபத்தில்லையா?

வளரும் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். முதுகுப் பக்கமிருந்து கதிர் போகும்படி எடுத்தால் மார்பகத்துக்குப் படும் அளவு வெகுவாகக் குறையும், எடுப்பவரிடம் கேளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் ஸ்கோலியோமீட்டரும் உயரக் கணக்கும் வழிகாட்டும்.

அறுவை சிகிச்சை எப்போது?

வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டும்போது அதைப் பற்றிப் பேசுவார்கள். 50க்கு மேற்பட்ட வளைவு வளர்ச்சி நின்ற பின்னும் ஆண்டுக்கு ஒரு டிகிரி அளவில் கூடிக்கொண்டே போகலாம். அங்கே வந்துவிட்ட பிள்ளையை, பயிற்சியால் தவிர்த்துவிடலாம் என்று நான் பிடித்து வைப்பதில்லை. அறுவைக்கு முன் மூச்சுப் பயிற்சியும், பின் மீண்டெழும் பயிற்சியும் என் வேலை.

திருமணம், குழந்தைப்பேறு பாதிக்குமா?

மகள் அறையைவிட்டு வெளியே போனபின் கேட்கப்படும் கேள்வி. அவள் முன்னிலையிலேயே கேளுங்கள், ஏனென்றால் பதில் அவளுக்குத்தான் வேண்டும். கருத்தரிப்பதையும் பிள்ளை பெறுவதையும் இது தடுப்பதில்லை. பிரசவ நேரத்தில் முதுகில் ஊசி போடும் மயக்க மருந்து நிபுணரிடம் வளைவைப் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. அமெரிக்காவின் அயோவாவில், சிகிச்சையே பெறாத 117 பேரை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. முதுகுவலி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது, தோற்றம் பற்றிய மனக்குறையும் இருந்தது. ஆனால் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், முதுமை கண்டார்கள்.

உறவினருக்குத் தெரியக் கூடாது என்று பிரேஸைத் திருவிழா நாட்களில் கழற்றி ஒளித்து வைக்கிறார்கள். அந்த ஒளிப்பு, தன்னிடம் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

பையன்களுக்கு வருமா?

வரும். சிறிய வளைவுகள் இரு பாலருக்கும் ஏறக்குறைய சமம். 30 டிகிரிக்கு மேல் பெண் பிள்ளைகள் பல மடங்கு அதிகம். பையன்களின் வளர்ச்சி தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிவதால், 16 வயதிலும் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

மகள் பயிற்சி செய்ய மறுக்கிறாள். என்ன செய்வது?

அவளுக்குப் பதிமூன்று வயது. தோழிகள் மைதானத்தில் இருக்கும்போது அவள் மட்டும் தரையில் படுத்து மூச்சை எண்ணுகிறாள். மறுப்பதில் வியப்பில்லை. நான் முதல் இரண்டு முறை பயிற்சியே கொடுக்காமல், அவள் எக்ஸ்ரேயை அவளிடம் கொடுத்து, கோணத்தை அவளையே அளக்கச் சொல்வேன். பெற்றோரிடம் பேசுவதை நிறுத்தி அவளிடம் பேசுவேன். நேரத்தையும் இடத்தையும் அவள் தேர்ந்தெடுக்கட்டும். "செய்தாயா, செய்தாயா" என்று கேட்காமல், அந்த அரை மணி நேரம் பக்கத்தில் நீங்களும் ஒரு பாயை விரித்து உங்கள் முதுகுக்கு எதையாவது செய்யுங்கள். அப்பாக்கள் உட்கார்ந்த வீடுகளில் பயிற்சி நின்றதில்லை என்பது என் அனுபவம்.

முகம் வாடியே இருந்தால், சாப்பாடு குறைந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள்.

முதல் நாள் என்னென்ன கொண்டுவர வேண்டும்?

இதுவரை எடுத்த எல்லா எக்ஸ்ரேக்களையும், அறிக்கை மட்டும் இல்லாமல் படத்தோடு. கடந்த ஓராண்டில் உயரம் எவ்வளவு கூடியது என்ற கணக்கு. பள்ளி மருத்துவப் பரிசோதனை அட்டையில் இருக்கும், இல்லையென்றால் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டிருப்பீர்களே, அதை அளந்து வாருங்கள். பெண் பிள்ளை என்றால் முதல் மாதவிடாய் வந்த மாதம். பிரேஸ் இருந்தால் அதையும். முதுகு தெரியும்படி பின்னால் திறக்கும் சட்டை, அரைக்கால் சட்டை, மறைத்துக்கொள்ள ஒரு பெரிய துண்டு. அம்மாவோ அக்காவோ அறைக்குள் கூடவே இருக்கலாம். அண்ணன் தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், குனியச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன்.